பதினோரு தடவை நின்றதை வாங்கியவர்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் சரியாக ஆறு பேர். கல்லூரி பிரின்ஸ்பால். ஸ்டோர் சூப்பிரண்டு. சென்னையிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்திருந்த முதல் பிரிண்டர் கம்பெனிக்காரர். பெங்களூரிலிருந்து சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு வந்திருந்த இரண்டாவது கம்பெனிக்காரர். கம்ப்யூட்டர் சென்டரைப் பொறுப்பில் வைத்திருந்த மேடம். ஆறாவது நான். டீ கொண்டுவந்தவர் வாசலிலேயே தட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டதால் அவரைச் சேர்க்கவில்லை. பிற்பாடு ஏதாவது விசாரணை வந்து, 'யார் யார் இருந்தீர்கள்?' என்று கேட்டால் பதில் வேண்டுமே என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இனிமேலும் கேட்க மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மேடத்தின் பெயரை எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதுவது தப்பாகிவிடுமோ என்று ஒரு பயம். காரைக்கால் டவுனில் வேதக்காரக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்குத் தவறாதவர், என்னைவிட ஆறேழு வயது சின்னவர், என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவார் என்பது வரை சொல்லலாம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஏதாவது கெட்டுப்போனால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. நான் சென்டருக்குத் தினக்கூலியாக வந்த முதல் வாரம். எட்டாவதோடு படிப்பை விட்டு, வரிச்சிக்குடியில் ரைஸ் மில்லில் எடை போட்டுக்கொண்டிருந்தவனை, 'காகிதம் போட்டு எடுக்க ஒரு ஆள்' என்று வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துப் பிரிண்டர் ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும். மடிப்பு மடிப்பாக வரும் நீளத் தாளை இரண்டு ஓரத்திலும் துளைகளில் மாட்டி ஓடவிட வேண்டும். கிர்ர் என்று அது போடும் சத்தத்தில் பக்கத்து அறையில் பாடம் நிற்கும். மாட்டியதில் ஏதோ பிசகி, சம்பளப் பட்டியல் நாற்பது பக்கமும் ஒரே தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடித்துத் தாளே கறுத்துப்போனது. வேலை போயிற்று, ஊரில் என்ன சொல்வது, சைக்கிள் கடன் என்னாவது என்று எனக்கு மூன்று யோசனை ஒரே நேரத்தில். மேடம் வந்தார். தாளைப் பார்த்தார். இரண்டு கையையும் தட்டினார்.

"ஐய்! எப்படிண்ணே இது? இன்னொரு தடவை பண்ணிக் காட்டுங்க."

"மன்னிச்சிருங்க மேடம், இனிமே..."

"மன்னிக்கிறது கெடக்கட்டும். எந்தத் துளையில மாட்டினீங்க? மாத்தி மாட்டினீங்களா? மாட்டுங்க, பாப்போம்."

குத்திக்காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே பார்க்க ஆசைப்பட்டார். அரை மணி நேரம் முயன்றும் அந்தத் தப்பை மறுபடி என்னால் செய்ய முடியவில்லை. "ஒங்களுக்குத் தப்புக்கூட ஒழுங்கா வரலையே" என்று சலித்துக்கொண்டு போனார். அன்றைக்கு வீட்டில் நான் சொன்னபோது என் சம்சாரம் நம்பவில்லை.

சாமான் வாங்குவதும் அப்படியேதான். சென்டருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்க திருமலைராயன்பட்டினத்துக் கடைக்குப் போனோம். நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மேடம் வாளியை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி, சிமெண்டுத் தரையில் போட்டார். கடைக்கார பாய் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏம்மா, வாளி வாங்க வந்தீங்களா, ஒடைக்க வந்தீங்களா?"

"ஒடைஞ்சா காசு தர்றேன் பாய். ஒடையலைன்னா வாங்கிக்கறேன்."

"ரெண்டுக்கும் காசு வந்துடுமுல்ல? அப்ப அந்தப் பச்சையையும் போட்டுப் பாருங்க. எனக்கே ரொம்ப நாளா அது மேல ஒரு சந்தேகம்."

பச்சை உடைந்தது. இருவரும் குனிந்து, எந்த இடத்தில் கீறல் விட்டது என்று விரலால் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அந்த பாய் அதற்கப்புறம் மேடம் போனால் காசு வாங்காமல் சர்பத் கொடுப்பார்.

ஒருமுறை அம்பகரத்தூர் கோயில் திருவிழாவுக்குப் போன கல்லூரி ஜீப் நடுவழியில் நின்றுபோனது. பிரின்ஸ்பாலுக்குக் கோபம், டிரைவருக்கு வேர்வை, எனக்கு யார் தலையில் பழி விழுமோ என்ற கவலை. மேடம் மட்டும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு இறங்கி, "எங்க நின்னுச்சு, என்ன சத்தம் போட்டுச்சு, மொதல்ல சூடாச்சா, மொதல்ல நாத்தம் வந்துச்சா?" என்று டிரைவரைக் கேட்டுக் கேட்டு, அவரே பெல்ட் அறுந்ததைக் கண்டுபிடித்தார். ஸ்டோர் சூப்பிரண்டு என் காதில் சொன்னார்: "இந்தம்மாவுக்கு எது கெட்டாலும் கல்யாணந்தான்."

இந்த சூப்பிரண்டைப் பற்றியும் ஒரு வரி. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவர் அப்பா கவர்மெண்டில் இருந்தவர். இவருக்கு மிஞ்சியது, 'கிடையாது' என்பதற்கான ஒரே ஒரு பிரெஞ்சு வார்த்தை. யாராவது எதையாவது வாங்க வேண்டும் என்று கேட்டால், "நோன்" என்பார். ஊதுபத்தியாக இருந்தாலும் நோன்தான்.

அப்படிப்பட்டவரிடம் லேசர் பிரிண்டர் கேட்கும் நிலை எண்பதுகளின் கடைசியில் வந்தது. ஆபீஸ், லைப்ரரி, இரண்டு டிபார்ட்மெண்ட் என்று நாலு கட்டடத்தையும் ஒரே கேபிளில் கோத்துவிட்டார்கள். யார் எங்கே உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாலும் தாள் என் அறையில் வந்து விழும். லைப்ரரிக்காரர் புத்தகப் பட்டியலை அனுப்பினால், அதன் பின்னால் பரீட்சை மார்க் பட்டியல் வரிசையில் நின்று சாயந்திரம் ஆகிவிடும். ஆளாளுக்கு வந்து என்னிடம் சண்டை. "எங்கது எங்க? எங்கது எங்க?" பழைய பிரிண்டர் தாங்காது, நாலு கட்டடத்துக்கும் சேர்த்து வேகமாக ஓடும் லேசர் மெஷின் இரண்டு வேண்டும் என்று முடிவானது.

எனக்கு அன்றே கவலை பிடித்துக்கொண்டது. லேசர் மெஷினில் துளைத்தாள் இல்லை. கட்டாகத் தாளை வைத்தால் அதுவே ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும். கிழிக்க வேண்டாம், மாட்ட வேண்டாம். அப்புறம் நான் எதற்கு? வயது நாற்பத்திரண்டு. பெரியவள் பத்தாவது, சின்னவள் ஏழாவது. மில்லிலும் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

எத்தனை பெரிய மெஷின் வாங்குவது என்று தெரிய, மாதம் எத்தனை பக்கம் ஓடுகிறது என்ற கணக்கு தேவைப்பட்டது. டிபார்ட்மெண்டுகளைக் கேட்டால் ஒவ்வொருவரும் தங்களுக்குத்தான் அதிகம் என்று காட்ட, இரண்டு மடங்காக எழுதிக் கொடுத்தார்கள். மேடம் அந்தக் காகிதங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"அண்ணே, தாள் ஓரத்துல துளைப்பட்டை கிழிப்பீங்கள்ல, அதெல்லாம் எங்க போவுது?"

"சாக்குல போட்டு வச்சிருக்கேன் மேடம். மாசம் ஒருதடவை பழைய பேப்பர்காரர் வருவாரு."

"எடை போட முடியுமா?"

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. ஆயிரம் தாளின் பட்டையைத் தனியாக எடை போட்டேன். அப்புறம் சாக்கு சாக்காக. இரண்டு நாளில் மாதக் கணக்கு கைக்கு வந்தது. டிபார்ட்மெண்டுகள் எழுதியதில் பாதிக்கும் கொஞ்சம் கீழே. மேடம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நாலு டாக்டரேட்டுக்குத் தெரியாதது மூணு சாக்குக்குத் தெரிஞ்சிருக்கு" என்று பிரின்ஸ்பாலிடமே சொன்னார். எனக்குப் பெருமை அரை நாள் இருந்தது. மீதி அரை நாள், டாக்டரேட்டுகள் என்மேல் கோபப்படுவார்களோ என்று போனது.

இரண்டு கம்பெனிகள் முன்வந்தன. சென்னைக்கு வந்தால் ஏ.சி. ரூமில் ஓட்டிக் காட்டுகிறோம் என்றார்கள். மேடம் மாட்டேன் என்றார். மெஷின்கள் காரைக்காலுக்கு வர வேண்டும், ஐப்பசி மழையில் வர வேண்டும், ஃபேன் மட்டும் உள்ள என் அறையில், நாங்கள் கொடுக்கும் தாளில் ஓட வேண்டும். அதற்காகப் பத்துக் கட்டுத் தாளை ஸ்டோரில் கிழக்கு ஜன்னல் ஓரம் வெறுந்தரையில் இரண்டு வாரம் போட்டுவைத்தார். கடற்காற்றும் சாரலும் பட்டுத் தாள் அப்பளம்போல ஓரம் வளைந்து ஊதிவிட்டது.

அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

எனக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. டவுனில் ஒரு ஸ்டுடியோக்காரர் மழைக்காலத்தில் கேமராவைப் பூஞ்சை பிடிக்காமல் பல்பு எரியும் பெட்டியில் வைப்பார். அதைப் பார்த்து, என் அறை இரும்பு அலமாரியின் அடித்தட்டில் அறுபது வாட் பல்பு ஒன்றைச் சொந்தக் காசில் மாட்டி, தாளை அதற்கு மேலேதான் வைத்து வந்தேன். கதவை மூடிவிட்டால் வெளியே தெரியாது. கல்லூரிக் கரண்டை அனுமதியில்லாமல் எரிக்கிறோமே என்று யாரிடமும் சொல்லவில்லை. தீப்பிடிக்குமோ என்று பாதி வழி போய்த் திரும்பி வந்து தொட்டுப் பார்த்த நாட்களும் உண்டு.

ஊறிப்போன அந்தக் கட்டுகளைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. பிரின்ஸ்பால் முன்னால் மெஷின் நிற்கப்போகிறது, தாள் போடுகிறவன் நான், பழி என்மேல். இரண்டு நாள் முன்னதாக, கட்டுகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். எட்டுக் கட்டுதான் பிடித்தது. இரண்டு தரையிலேயே கிடந்தன.

அந்த நாள் வந்தது. நான் முதலில் சொன்ன ஆறு பேர். மெஷினுக்கு நாலு கட்டு வீதம் காய்ந்த தாளை வைத்தேன். ஓடின. அப்படி ஓடின! பூனை நடப்பதுபோல் சத்தமே இல்லை. தாள் சூடாக, வெள்ளையாக, மை மினுங்க வந்து அடுக்கிக்கொண்டது. ஒன்றுகூட நிற்கவில்லை. டை கட்டியவர் பிரின்ஸ்பாலைப் பார்த்துச் சொன்னார்: "பார்த்தீங்களா சார், இதுக்கு ஆளே வேண்டாம். காலையில கட்டைப் போட்டுட்டு மறந்துடலாம்."

பிரின்ஸ்பால் தலையாட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். பழிக்குப் பயந்து, என் கையாலேயே என் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொண்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"விலை குறைஞ்சது எது?" என்றார் சூப்பிரண்டு. டை கட்டியவருடையதுதான் குறைவு. "அப்ப அதுவே" என்று பேனாவை எடுத்தார்.

மேடத்தைப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அவர் முகம் வாடிப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமே கெடலையே அண்ணே" என்றார், ஏதோ வீட்டில் துக்கம்போல. "ரெண்டு வாரம் மழையில போட்டோமே. எப்படி?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டு, அடுத்த மழையில் மெஷின் நின்று, அப்போது தெரியவந்தால்? சொன்னால் கரண்டுத் திருட்டு. சொல்லாவிட்டால் வேலையும் போய்ப் பொய்யும் மிஞ்சும். இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதற்குள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், அது நனைஞ்ச தாள் இல்ல. நான் காய வச்சிட்டேன்."

அலமாரியைத் திறந்தேன். உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஆறு பேரில் ஐந்து பேர் அதைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"கரண்டு பில்லு யாரு கட்றது?" என்றார் சூப்பிரண்டு.

மேடம் அலமாரிக்குள் கையை நீட்டிச் சூட்டைப் பார்த்தார். அப்புறம் தலையையே உள்ளே விட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஐய்! அண்ணே! எத்தனை வருஷமா?"

"மூணு மழை ஆச்சு மேடம்."

"அதான் மூணு மழையா நம்ம பிரிண்டர் தாள் ஒட்டிக்கல! நான் என்னமோ மெஷின்தான் நல்ல மெஷின்னு நெனச்சிட்டிருந்தேன். நனைஞ்சது மிச்சம் இருக்கா?"

"ரெண்டு கட்டு இருக்கு."

"ஓடுங்க. எடுத்துட்டு வாங்க."

மெஷினுக்கு ஒரு கட்டு. டை கட்டியவருடைய மெஷின் இருபத்திமூன்று தாள் வரை போனது. இருபத்திநாலாவது உள்ளே விசிறிபோல் மடிந்து நின்றுவிட்டது. மேடம் கை தட்டினார். டை கட்டியவர் பின்பக்கம் போய், ஸ்குரூ டிரைவர் கேட்டு, மூடியைக் கழற்றி, இழுத்தார். தாள் பாதி கிழிந்து வந்தது, மீதி உள்ளே சூட்டில் ஒட்டிக்கொண்டது. முக்கால் மணி நேரம் ஆனது. டையில் மெஷினுக்குள் இருந்த கறுப்பு மைப்பொடி. கடைசியில், "எங்க சர்வீஸ் இன்ஜினியர் வந்தாத்தான் ஆவும்" என்றார்.

"எங்கேருந்து வருவாரு?"

"மெட்ராஸ்லேருந்துதான் மேடம். லெட்டர் போட்டா அடுத்த வாரம் வந்துடுவாங்க."

இரண்டாவது மெஷின் அதைவிட மோசம். பதினேழாவது தாளிலேயே நின்றது. பிரின்ஸ்பால் முகத்தைச் சுளித்தார். சட்டைக் கையை மடித்திருந்தவர் முன்னால் போகப் பார்த்தார். மேடம் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க நில்லுங்க சார். அண்ணே, நீங்க எடுங்க."

"நானா? எனக்கு இது தெரியாதே மேடம்."

"தெரியாதவங்க எடுக்க வருதான்னுதான் பாக்கணும்."

பயந்துகொண்டே முன்னால் போனேன். பக்கத்தில் பச்சையாக ஒரு பிடி இருந்தது. தூக்கினேன். மெஷின் மொத்தமும் கொடுவா மீன் வாயைத் திறப்பதுபோல் ஆவென்று திறந்தது. உள்ளே தாள் முழுசாகத் தெரிந்தது. இரண்டு விரலில் பிடித்து இழுத்தேன், வந்துவிட்டது. மூடினேன். மறுபடி ஓடியது. மறுபடி நின்றது. மறுபடி எடுத்தேன். நாலாவது தடவையில் பயம் போய்விட்டது. ஏழாவது தடவை, நிற்பதற்கு முன்னால் அது ஒரு சின்ன முனகல் போடுகிறது என்று கண்டுபிடித்து, "மேடம், இப்ப நிக்கும் பாருங்க" என்றேன். நின்றது. மேடத்துக்குப் பிடிபடாத சந்தோஷம். அந்த ஒரு கட்டு முடிவதற்குள் பதினோரு தடவை நின்றது. பதினோரு தடவையும் நானே எடுத்தேன்.

"இதையே வாங்கிடலாம் சார்" என்றார் மேடம்.

பிரின்ஸ்பால் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? ஒரு தடவை நின்னதை விட்டுட்டு, பதினோரு தடவை நின்னதையா? வெலையும் ஜாஸ்தி."

"அது ஒரு தடவை நின்னது, இன்னும் நிக்குதே சார்! நாலு கட்டடமும் இதை நம்பி இருக்கு. பரீட்சை நேரத்துல நின்னா, மெட்ராஸ்லேருந்து ஆளு வந்து எறங்குற வரைக்கும் பிள்ளைங்களுக்கு மார்க் லிஸ்ட் கெடையாது. நிமிஷத்துக்கு எத்தனை தாள்னு ரெண்டு பேரும் நோட்டீசுல போட்டிருக்காங்க. அது ஓடுறப்ப. நிக்கிறப்ப யாரு எடுக்கறதுன்னு எவரும் போடல."

"தாளு காய்ஞ்சிருந்தா ரெண்டுமே நிக்கலையேம்மா" என்றார் பிரின்ஸ்பால்.

"காய வைக்கறது யாரு சார்?"

பிரின்ஸ்பால் அலமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெஷினு ரெண்டு, பல்பு வச்ச அலமாரி ஒண்ணு, ரெண்டையும் பாத்துக்க ஒரு ஆளு. மூணும் சேந்துதான் ஒரு பிரிண்டர். மூணையும் ஒரே ஆபீஸ் நோட்டுல எழுதறேன். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணு வாங்காதீங்க."

"நோன்" என்றார் சூப்பிரண்டு.

"நோன்னா, நீங்களே வந்து தாளைக் காய வையுங்க சார். கரண்டு பில்லையும் நீங்களே பாத்துக்கலாம்."

பிரின்ஸ்பால் சிரித்துவிட்டார். டை கட்டியவர்கூட, கறுத்த விரலால் மூக்கைத் துடைத்து மூக்கையும் கறுப்பாக்கிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பல்பு வெளிச்சம் பட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

மெஷின்கள் இரண்டும் தை மாதம் வந்து இறங்கின. என் உத்தரவு வர இன்னும் ஆறு மாதம் ஆனது. 'பிரிண்டர் அட்டெண்டர், மாதச் சம்பளம்' என்று டைப் அடித்து, முத்திரை குத்தி வந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு மேடத்திடம் ஓடினேன். இனிப்பு வாங்கிக்கொண்டுதான் போனேன். அவர் இனிப்பைத் தொடவில்லை. உத்தரவை மேலிருந்து கீழே படித்தார். பின்னும் ஒருமுறை படித்தார். முகம் மலர்ந்தது. எனக்கு உடனே பயம் பிடித்தது. அந்த மலர்ச்சியின் அர்த்தம் எனக்குத் தெரியாதா?

"ஐய்! அண்ணே, தப்பு இருக்கு!"

"என்ன மேடம்? வேலை இல்லையா?"

"வேலையெல்லாம் கெட்டியா இருக்கு. ஏப்ரல்லேருந்து சம்பளம்னு நோட்டுல பாஸாயிருக்கு. இதுல ஜூலைன்னு அடிச்சிருக்காங்க. மூணு மாசம் உள்ள மாட்டிக்கிச்சு. விடாதீங்க. எந்த மேசையில நிக்குதுன்னு மொதல்ல பாருங்க, அப்புறம் மெதுவா இழுங்க. வேகமா இழுத்தா கிழிஞ்சிடும்."

அதற்கப்புறம்தான் ஜிலேபியை எடுத்தார். ஒன்று அல்ல, மூன்று.

இரண்டு வருஷத்தில் அவர் மாற்றலாகிப் புதுச்சேரிக்குப் போனார். வருஷத்துக்கு ஒரு கார்டு வரும். நலமா, பிள்ளைகள் நலமா என்று ஒரு வரி. மெஷின் புதிதாக ஏதாவது தினுசில் நின்றதா, நின்றால் விவரமாக எழுதவும் என்று நாலு வரி. அப்புறம், பாக்கி இப்போது எந்த மேசையில் என்று. நானும் தவறாமல் பதில் எழுதுவேன்: சம்பளப் பிரிவில் இருக்கிறது, ஆடிட்டுக்குப் போயிருக்கிறது, ஆடிட்டிலிருந்து திரும்பிச் சம்பளப் பிரிவுக்கே வந்திருக்கிறது. பெரியவள் கல்யாணம், சின்னவள் வேலை, என் ரிட்டயர்மெண்ட் எல்லாம் அந்தச் சம்பளத்திலேயே ஒழுங்காக நடந்தன. போன மாதம்கூட ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். பழைய ஃபைலைத் தேட வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். போவேன். தினக்கூலிக்கும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதம் நூற்று முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. மூன்று மாதத்துக்கு எனக்கு இன்னும் வர வேண்டியது நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு.